அமைச்சர் அவையில் தப்பாகச் சொல்லிவிட்டார், அப்புறம்?

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் அவைக்குறிப்பான ஹன்சார்டைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். வேலைக்காக ஆரம்பித்தது, இப்போது பழக்கமாகிவிட்டது. அமைச்சர்கள் அவையில் தவறாகச் சொன்னதை எப்படித் திருத்துகிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: அமைச்சர் ஏதோ ஒரு எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உடனே என்ன நடக்கும்?

பெரும்பாலும் முதலில் பதறுவது அமைச்சர் இல்லை, அவருடைய அதிகாரிகள். கீழவையான காமன்ஸ் சபையில் சபாநாயகர் நாற்காலிக்கு அருகே, ஓரமாக, துறை அதிகாரிகள் உட்கார ஒரு சின்ன அடைப்பு உண்டு. 'பாக்ஸ்' என்பார்கள். அங்கிருந்து ஒரு துண்டுச்சீட்டு எழுதி, அமைச்சருக்கு உதவியாக இருக்கும் எம்.பி. கையில் கொடுத்து அனுப்புவார்கள். அமைச்சர் பேச்சு முடிவதற்குள் சீட்டு வந்து சேர்ந்தால், அங்கேயே எழுந்து சரிசெய்துவிடலாம்.

சீட்டு தாமதமானாலோ, தவறே மறுநாள்தான் தெரிந்தாலோ, எழுத்தில் திருத்தம் போகும். அதன் வடிவம் எனக்கு மனப்பாடம்: இன்ன தேதி, இன்ன விவாதத்தில் நான் சொன்னது இது, அதில் பிழை இருப்பது தெரியவந்துள்ளது, சரியான பதில் இப்படி இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். 'மன்னிக்கவும்' என்ற சொல் அந்த அச்சில் இல்லை. அமைச்சர்களின் திருத்தங்களுக்கென்று 2007 முதல் ஹன்சார்டில் தனிப்பகுதி இருக்கிறது. விஷயம் பெரிதென்றால் அமைச்சர் அவைக்கே வந்து அறிக்கை படிப்பார், அல்லது ஒழுங்குப் பிரச்சினை எழுப்பித் திருத்துவார்.

கேள்வி: இவ்வளவு சுற்றி வளைக்காமல் அவைக்குறிப்பிலேயே எண்ணை மாற்றிவிட்டால் என்ன?

மாற்றக்கூடாது. இலக்கணத்தைச் சீராக்கலாம், திரும்பத் திரும்பச் சொன்னதை நீக்கலாம். பொருள் மாறும்படி கை வைக்க முடியாது. அமைச்சர் அன்று 10 என்று சொல்லியிருந்தால் 10 என்றே நிற்கும்; திருத்தத்தில் 12 என்று வரும். இணையத்தில் உள்ள ஹன்சார்டில் பழைய பேச்சின் அருகே ஒரு அடைப்புக்குறிக்குள் திருத்தத்தின் தேதியும் பத்தி எண்ணும் இருக்கும். அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அமைச்சர் சொன்ன தப்பு அன்று மாலைச் செய்தியில் வந்திருக்கும், திருத்தம் இந்த அடைப்புக்குறிக்குள் கிடக்கும். இந்த ஏற்பாட்டில் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

கேள்வி: திருத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா சார்?

சட்டம் இல்லை. அமைச்சர்களுக்கான நடத்தை விதித்தொகுப்பும், 1997 மார்ச்சில் காமன்ஸ் சபை நிறைவேற்றிய தீர்மானமும் இருக்கின்றன. ஈராக்குக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் நீதிபதி ஸ்காட் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு வந்த தீர்மானம் அது. தெரியாமல் நேர்ந்த பிழையை முதல் வாய்ப்பிலேயே திருத்த வேண்டும். தெரிந்தே அவையைத் தவறாக வழிநடத்தியவர் ராஜினாமா கொடுக்க முன்வர வேண்டும் என்பது சாரம். எத்தனை நாளுக்குள் என்று கணக்கு இல்லை. 'தெரிந்தே' என்பதை யார் முடிவு செய்வது? ராஜினாமாவை ஏற்பது பிரதமர் கையில். பிரதமர் மீதே புகார் என்றால் இந்த விதி நொண்டி அடிக்கும்.

கேள்வி: அக்கா, நான் ஹாரோவில் இருக்கிறேன். அம்பர் ரட் தப்பை ஒப்புக்கொண்ட பிறகும் பதவி போனதே, அது அநியாயம் இல்லையா?

நாள்வாரியாகப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். 2018 ஏப்ரல், கரீபியத் தீவுகளிலிருந்து வந்து பல காலமாகச் சட்டப்படி குடியிருந்தவர்களையே சட்டவிரோதக் குடியேறிகளாக நடத்திய விண்ட்ரஷ் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். 25-ஆம் தேதி காமன்ஸ் சபையின் உள்துறை விவகாரக் குழு முன்னால், ஆட்களை நாடு கடத்த இலக்கு எண்கள் உண்டா என்று கேட்கிறார்கள். நாங்கள் அப்படி வேலை செய்வதில்லை என்கிறார் உள்துறை அமைச்சரான ரட். மறுநாள் அவைக்கு வந்து, உள்ளூர் அளவில் சில இலக்குகள் இருந்தன என்று ஒப்புக்கொள்கிறார். சரி, திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அதற்கடுத்த நாள் ஒரு குறிப்பாணை வெளியாகிறது. 2017-18-க்கு 12,800 பேரை அனுப்பும் இலக்கு அதில் இருக்கிறது, அவருக்கும் பிரதி போயிருக்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை என்கிறார். 29-ஆம் தேதி, அவரே பிரதமருக்கு எழுதிய பழைய கடிதம் ஒன்று பத்திரிகையில் வருகிறது. நாடு கடத்தலை 10 சதவீதம் கூட்டுவது பற்றி அதில் இருக்கிறது. அன்று இரவே ராஜினாமா.

தெரியாமல் தவறாக வழிநடத்திவிட்டேன் என்று கடிதத்தில் எழுதினார். அதை நான் நம்புகிறேன். ஆனால் 26-ஆம் தேதி கொடுத்த திருத்தம் அரைகுறை. துறையின் கோப்புகளை முழுக்கப் புரட்டிவிட்டு வந்திருந்தால் அடுத்த இரண்டு அடியும் விழுந்திருக்காது.

கேள்வி: போரிஸ் ஜான்சன்?

அவர் பிரதமராக இருந்தபோது, கொரோனா கட்டுப்பாடுகளுக்கு நடுவே பிரதமர் அலுவலகத்தில் விருந்துகள் நடந்த விவகாரம் எல்லோருக்கும் தெரியும், சுருக்கிவிடுகிறேன். வழிகாட்டுதல்கள் முழுமையாகப் பின்பற்றப்பட்டன என்று 2021 டிசம்பர் 1-ல் அவையில் சொன்னார். எம்.பி.க்களே கொண்ட அவையின் உரிமைக் குழு, அவர் வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று 2023 ஜூனில் முடிவு சொன்னது. குழுவின் 7 பேரில் 4 பேர் அவருடைய கட்சிக்காரர்களே. அறிக்கை வெளிவருமுன் எம்.பி. பதவியை விட்டுப் போய்விட்டார். அறிக்கையை ஏற்று 354 ஓட்டு, எதிர்த்து 7.

எனக்கு இதைவிடச் சுவாரசியம் அவருடைய வேலைவாய்ப்புக் கணக்கு. கொரோனாவுக்கு முன்பைவிட இப்போது அதிகம் பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று அவையில் திரும்பத் திரும்பச் சொன்னார். சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் கூடியது உண்மை. சொந்தத் தொழில் செய்பவர்களையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 6 லட்சம் குறைவு. புள்ளிவிவர ஆணையத் தலைவரே கடிதம் எழுதிச் சுட்டிக்காட்டினார். 2022 மார்ச் இறுதியில் குழு ஒன்று கேட்டபோது, அதைத் திருத்திவிட்டதாக நினைக்கிறேன் என்றார். அவைக்குறிப்பைத் தேடினால் திருத்தத்தைக் காணோம்.

கேள்வி: அப்போது மற்ற எம்.பி.க்கள் எழுந்து 'பொய்' என்று சொல்ல வேண்டியதுதானே?

சொன்னார் ஒருவர். 2021 ஜூலை 22-ல் எதிர்க்கட்சி எம்.பி. டான் பட்லர், பிரதமர் ஜான்சன் பொய் சொல்கிறார் என்றார். வாபஸ் வாங்க மறுத்ததால் அவரைத்தான் வெளியே அனுப்பினார்கள். சக உறுப்பினரைப் பொய்யர் என்று போகிற போக்கில் சொல்லக்கூடாது, முறையாகத் தீர்மானம் கொண்டுவந்துதான் சொல்லலாம் என்பது அங்கே மரபு. அடித்துக்கொள்ளாமல் விவாதம் நடக்க அப்படி ஒன்று தேவைதான், ஆனால் அன்று பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

கேள்வி: ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கிறேன் அண்ணா. நம் மக்களவையில் இது எப்படி?

அக்கா. சரி, பரவாயில்லை.

சபாநாயகரின் நெறிமுறைகளில் 115-ஆவதைப் படித்து வையுங்கள். அமைச்சர் சொன்னது தவறு என்று ஒரு எம்.பி. நினைத்தால் எடுத்தவுடன் அவையில் கிளப்ப முடியாது. என்ன தவறு என்று சபாநாயகருக்கு எழுதி அனுமதி கேட்க வேண்டும், கையில் இருக்கும் ஆதாரத்தையும் கொடுக்கலாம். சபாநாயகர் அமைச்சரிடம் விளக்கம் கேட்கலாம். அமைச்சரே திருத்த விரும்பினால் செயலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அலுவல் பட்டியலில் சேர்த்து, அறிக்கை வாசிப்பார் அல்லது மேசையில் வைப்பார். வேண்டுமென்றே செய்தார் என்றால் அது உரிமை மீறல் பிரச்சினை, அது தனிப்பாதை.

விசித்திரமான ஒன்று: 2023 டிசம்பரில் ஹமாஸ் பற்றிய கேள்விக்கு வெளியுறவு இணை அமைச்சர் மீனாட்சி லேகி பெயரில் மக்களவையில் பதில் வெளியானது. அப்படி ஒரு தாளில் நான் கையெழுத்தே போடவில்லை என்று அவர் சமூக வலைத்தளத்தில் எழுதினார். பதில் சொன்னவர் பெயர் இன்னொரு இணை அமைச்சரான வி. முரளீதரன் என்று இருக்க வேண்டும், இது தொழில்நுட்பத் திருத்தம் என்றது அமைச்சகம். திருத்தப்பட்டது பதில் இல்லை, பதில் சொன்ன ஆள்!

கேள்வி: ஹன்சார்டில் இந்தத் திருத்தங்களை நாமே பார்க்க முடியுமா?

இலவசமாகவே பார்க்கலாம். ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்றைய பகுதிகளின் பட்டியலில் திருத்தப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா நாளும் இருக்காது. இருந்தால் பெரிய பரபரப்பை எதிர்பார்க்காதீர்கள், மில்லியனுக்கும் பில்லியனுக்கும் நடந்த குழப்பம், ஊர்ப் பெயர் மாறியது, வருடம் ஒன்று தள்ளிப்போனது என்று இருக்கும். நான் காலைக் காபியோடு படிப்பது அதைத்தான்.