அம்மாவின் பட்டுக்குக் கோந்து வேண்டாம்

கேள்வி: 1974-இல் எடுத்த அம்மாவின் கல்யாணப் பட்டு மடிப்புகளில் விட்டுப்போய்விட்டது. கரையையும் முந்தியையும் வெட்டி பிளைவுட்டில் ஒட்டி, நடுவில் அம்மாவின் போட்டோ, அவர் சேர்த்து வைத்த பித்தான்கள், மணிகள் எல்லாம் வைத்துச் சுவரில் மாட்ட ஆசை. ரவிக்கைத் துண்டில் ஃபெவிகால் தடவிப் பார்த்தேன். மறுநாள் திட்டுத் திட்டாகக் கறை. எந்தக் கோந்து கறை விடாது? தெருவில் வரும் பழைய பட்டு வியாபாரி, “ஜரிகை போலி, ஆயிரம் ரூபாய் தருகிறேன்” என்கிறார். கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: எந்தக் கோந்தும் வேண்டாம். வெள்ளைக் கோந்தில் தண்ணீர் இருக்கிறது. பட்டு அந்த ஈரத்தை இழுத்து மேலே கொண்டுவரும்; காய்ந்ததும் அந்த இடம் விறைத்துக் கறுத்து நிற்கும். மரத்துக்கு அது நல்ல பசைதான், பட்டுக்குத்தான் ஆகாது.

தைத்துவிடுங்கள். ஒரு மீட்டர் காடாத்துணி வாங்கி, கஞ்சி போக இரண்டு தடவை அலசி, காயவைத்து இஸ்திரி போடுங்கள். பட்டை அதன்மேல் பரப்பி, மெல்லிய ஊசியில் ஒற்றை நூலாக, இழுத்துப் பிடிக்காமல் ஓரம் தைக்கவும். அப்புறம் காடாவைப் பலகைக்குப் பின்னால் மடித்து, ஒட்டுவதோ ஆணி அடிப்பதோ உங்கள் இஷ்டம். பசை பட்டுப் பக்கமே வராது.

கரையை வெட்டும்போது மட்டும் நிதானம் வேண்டும். உங்களுடையது காஞ்சிபுரம் கோர்வைப் புடவையா என்று பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் சேருமிடத்தில் நிறம் கலங்காமல் இருந்தால் கோர்வைதான். உடலின் ஊடையும் (குறுக்கு நூல்) கரையின் ஊடையும் அந்தக் கோட்டில் ஒன்றையொன்று கோர்த்துத் திரும்பியிருக்கும். அந்தக் கோட்டிலேயே கத்தரி வைத்தால் கோர்த்ததெல்லாம் கழன்றுவிடும். என் வகுப்பில் ஒரு பெண் அளவுகோல் வைத்து நேராக, அழகாக அங்கேயே வெட்டினாள். மாலைக்குள் கரை நூல் நூலாக மடியில் கிடந்தது. உடல் பக்கம் அரை அங்குலம் தள்ளி வெட்டி, அந்த ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், உடல் பக்கம், அரை அங்குலம்.

சரி, வியாபாரி. ஜரிகை போலி என்றால் நைந்த புடவைக்கு அவர் ஏன் ஆயிரம் தருகிறார்? இவர்கள் தேடுவது வெள்ளியை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. கரையிலிருந்து ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அதைத் தீயில் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்தால் பட்டு, ஜரிகை அசலாக இருக்கலாம்; உருண்டையாகச் சுருங்கினால் பாலியெஸ்டர், ஜரிகை போலி. இதை வியாபாரி வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள். அவர் கையில் புடவையைக் கொடுத்தால் விலை அவர் சொல்வதுதான்.

இப்படி நகத்தால் சுரண்டிப் பார்க்கும் நிலையில் நம்மை விட்டிருக்கிறார்களே, அதுதான் எரிச்சல். சில்க் மார்க் 2004-இலிருந்து இருக்கிறது. பட்டு அசலா என்பதை மட்டும் அது சொல்லும், ஜரிகையைப் பற்றி மூச்சு விடாது. மோதிரம் வாங்கினால் ஹால்மார்க் கேட்கிறோம். லட்ச ரூபாய்ப் புடவையின் ஜரிகைக்குப் பெரும்பாலும் கடைக்காரரின் வாய்வார்த்தைதான்.

ஃபிரேம் கடையில் துணியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். நான் அப்படி விட்டுவந்த ஒரு பூத்தையல் துண்டை அட்டையோடு பசை போட்டு ஒட்டித் தந்தார்கள். இன்றுவரை பிரிக்க முடியவில்லை. தைத்து முடித்ததை எடுத்துப் போய், பக்கத்தில் நின்று மாட்டி வாங்குங்கள். கண்ணாடி பட்டைத் தொடக் கூடாது, நடுவில் சின்னக் கட்டை வைக்கச் சொல்லுங்கள்.

கறுத்த ஜரிகையைப் புளி, பற்பசை போட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும், அப்படியே இருக்கட்டும். போட்டோவுக்கு நகல் போதும். கறை பட்ட ரவிக்கைத் துண்டையும் தூக்கிப் போடாதீர்கள். அம்மாவின் பித்தான்களை அந்தத் திட்டுகளின் மேல் வரிசையாகத் தைத்தால் கறை தெரியாது.