31 வயதில் மறுபடியும் முதல் வருடமா?

கேள்வி: 12 வருடம் தொழில்முறைக் கால்பந்து ஆடினேன். முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் இரண்டு முறை கிழிந்து ஆபரேஷன் ஆனது. இப்போது 31 வயது, ஓய்வு பெற்றுவிட்டேன். பிசியோதெரபி படிக்க ஆசை. காயத்தின் வலி தெரிந்தவள் என்பதால் நல்ல பிசியோவாக வருவேன் என்று நம்புகிறேன். வீட்டிலோ, “இந்த வயசில் படிப்பா? கோச் வேலை வந்திருக்கு, அதைப் பிடிச்சுக்கோ” என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: வயதைப் பற்றிய கவலையை முதலில் ஓரம் கட்டுங்கள். அமெரிக்கத் தடுப்பாட்டக்காரர் ரேச்சல் வான் ஹொல்லபெக் 2008, 2012 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றவர். 2015இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு 30 வயது. அதற்கு அப்புறம்தான் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், டாக்டரும் ஆனார்.

என்னை உறுத்துவது வலியைப் பற்றிய அந்த ஒரு வரி. உங்களுக்குத் தெரிந்தது உங்கள் முழங்கால் மட்டுமே. அதுவும் இளம் வயதுத் தசை, பயிற்சிக்கு முழு நாள், பின்னால் ஒரு கிளப். உங்களிடம் வரப்போகிறவர்களோ பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், இடுப்பெலும்பு முறிந்த பாட்டி, சளியை இருமித் துப்பத் தெம்பில்லாதவர். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, “அழுத்துங்க, அஞ்சு எண்ணுங்க, விடுங்க” என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நீங்கள் பத்துக்குப் பதிலாக இருபது முறை செய்திருப்பீர்கள். இவர்கள் “வீட்ல செஞ்சேன்” என்பார்கள், செய்திருக்க மாட்டார்கள். பல்லைக் கடித்தே பழகிய விளையாட்டுக்காரர்களுக்கு அங்கேதான் பொறுமை போகும். நீங்கள் போட்ட கோல்களைப் பற்றியும் அவர்கள் கேட்கப்போவதில்லை. 1948 ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணியின் தலைவராக இருந்த டாக்டர் டி. ஆவ், பிறகு நாகாலாந்தில் அரசு மருத்துவப் பணிக்குப் போய், சுகாதாரத் துறை இயக்குநர் வரை உயர்ந்தவர். அந்த மாதிரி மைதானத்தை விட்டு வெளியே வர மனசு வேண்டும். அணிகளோடு வேலை செய்யும் பிசியோ பதவிகள் கொஞ்சம்தான், போட்டியோ அதிகம்.

அதற்காக உங்கள் 12 வருடம் வீண் என்று சொல்லவில்லை. ஸ்கேன் சரி என்று வந்த பிறகும் அந்தக் காலை ஊன்றித் திரும்ப ஒரு பயம் இருக்குமே, அதைப் புத்தகத்தில் படித்தவரைவிட நீங்கள் சீக்கிரம் கண்டுபிடிப்பீர்கள்.

ஆகவே படியுங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் பார்த்துவிட்டு. ஒரு பொது மருத்துவமனையின் பிசியோ பிரிவில் அனுமதி வாங்கி இரண்டு வாரம் உட்காருங்கள். விளையாட்டுக் காய கிளினிக் வேண்டாம், அது உங்களுக்குப் பழகிய இடம். இரண்டாவது வாரமும் போகத் தோன்றினால் விண்ணப்பம் போடலாம். நாட்டைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து வருடப் படிப்பு. பள்ளியில் உயிரியலை விட்டிருந்தால் தகுதி விதிகளை இப்போதே பாருங்கள். சில நாடுகளில் வீரர்கள் சங்கமே முன்னாள் வீரர்களின் படிப்புக்குப் பணம் தருகிறது, விசாரியுங்கள். கோச் வேலையையும் மறுக்க வேண்டாம், மாலை நேரமாக மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். மருத்துவமனைப் பயிற்சி தொடங்கும் வரை இரண்டையும் ஓட்டலாம்.

இன்னொன்று, நீங்கள் எழுதாதது. நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, மண்டியிட்டுக் குழந்தைக்குப் பயிற்சி கொடுப்பது, நாள் முழுக்க நிற்பது என்று இது உடம்பால் செய்யும் வேலை. இரண்டு முறை கத்தி பட்ட முழங்கால் அதைத் தாங்குமா என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேட்டுவிடுங்கள், கட்டணம் கட்டுவதற்கு முன்பே.