கப், டம்ளர் கணக்கில் உள்ள சமையல் குறிப்பைக் கிராம் கணக்குக்கு மாற்றுவது எப்படி?

எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் ஒரே பெருக்கல் எண் கிடையாது. கப் என்பது பொருள் அடைக்கும் இடத்தைச் சொல்கிறது, கிராம் அதன் எடையைச் சொல்கிறது. அதனால் 240 மில்லி பிடிக்கும் ஒரே கப்பில் தண்ணீர் 240 கிராமும், சர்க்கரை 200 கிராமும், சலித்த மைதா 120 கிராமும், தேன் ஏறத்தாழ 340 கிராமும் நிற்கும்.

இது புரியாமல் நான் ஒரு தீபாவளிக்கு மைசூர்பாகைக் கெடுத்திருக்கிறேன். ஒரு டம்ளர் கடலை மாவுக்கு இரண்டு டம்ளர் சர்க்கரை என்பது அம்மாவின் கணக்கு. புதிதாக வாங்கிய டிஜிட்டல் தராசின் மீதிருந்த ஆசையில், 250 கிராம் மாவுக்கு 500 கிராம் சர்க்கரை என்று நிறுத்துப் போட்டேன். சலித்த கடலை மாவு கப்புக்குச் சுமார் 100 கிராம்தான் இருக்கும் என்பதால், அம்மாவின் ஒன்றுக்கு இரண்டு எடையில் ஒன்றுக்கு நான்கு ஆகிறது. நான் போட்டதோ தேவையான சர்க்கரையில் சரிபாதி. வந்தது நெய் மணக்கும் மாவுக் கட்டி. (அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.) இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று அரிசியையும் உளுந்தையும் நிறுத்துப் போட்டால் இப்படிப் பெரிய பிழை வராது, ஏனெனில் இரண்டும் தானியமாக இருக்கையில் கப்புக்குக் கிட்டத்தட்ட ஒரே எடைதான். மாவும் சர்க்கரையும், மாவும் நெய்யும் சேரும் இடங்களில்தான் விகிதம் புரண்டுவிடுகிறது.

அடுத்த சிக்கல், எந்தக் கப் என்பது. அமெரிக்கக் குறிப்புகளில் அது ஏறத்தாழ 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. மின்சார ரைஸ் குக்கருடன் வரும் கப் பெரும்பாலும் 180 மில்லிதான். ஆழாக்கு படியில் எட்டில் ஒரு பங்கு என்றாலும், படியே ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்ததால், பாட்டி காலத்துக் குறிப்புக்கு அவர் பயன்படுத்திய பாத்திரத்தையே தேடி எடுப்பது நல்லது.

பாத்திரம் கையில் இருந்தால் மாற்றுவது எளிது. காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால், காட்டும் கிராம்தான் அதன் கொள்ளளவு மில்லியில். பிறகு அதை நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பொருளையும் வீட்டில் வழக்கமாக அளக்கும் விதத்திலேயே நிரப்பி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். விதம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கரண்டியால் மெல்லப் போட்டுத் தலைதட்டிய மைதா 120 கிராம் என்றால், டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளியது 150 கிராம் வரை போகும். கேக் ஏன் வறண்டது என்று அடுப்பைக் குறை சொல்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கால் தேக்கரண்டி சமையல் சோடா போன்றவற்றை மட்டும் மாற்ற முயல வேண்டாம். அது ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலாக இருக்கும். முழுக் கிராமாக மட்டுமே காட்டும் வீட்டுத் தராசு அதைச் சரியாகப் பிடிக்காது என்பதால், அதற்குத் தலைதட்டிய கரண்டியே போதும்.