முகநூலில் போட்ட ஓவியம் கலண்டரில் வந்திருக்கிறது, வழக்குப் போடலாமா?

கேள்வி: நான் கோண்டாவிலில் இருக்கும் ஓவிய ஆசிரியை. நல்லூர்த் தேரை டிஜிட்டலில் கீறி முகநூலில் போட்டிருந்தேன். என் கையெழுத்தை வெட்டிவிட்டு, யாழ். நகரத்து அச்சகம் ஒன்று அதைக் கலண்டராக்கி விற்கிறது. கேட்டால், "நெற்றில கிடந்தது, நல்லூர்த் தேர் என்ன உங்கட சொந்தமோ?" என்கிறார்கள். இன்னொன்று, போன வருடம் ஒரு கூல்பார் முதலாளிக்குக் காசு வாங்கிக்கொண்டு லோகோ செய்து கொடுத்தேன். பெயர்ப்பலகைக்கு என்றுதான் கேட்டார். இப்போது ரீசேர்ட்டிலும் அடித்து விற்கிறார். இரண்டு பேர் மீதும் வழக்குப் போடலாமா? பதிப்புரிமையைப் பதியாதது பிரச்சினையாகுமா?

பதில்: பதிவுக் கவலையை விடுங்கள். இலங்கையில் பதிப்புரிமையைப் பதியும் முறையே கிடையாது. தேசிய புலமைச் சொத்து அலுவலகம் பதிவது வர்த்தகக் குறி, வடிவமைப்பு, கண்டுபிடிப்புக்கான ஆக்கவுரிமை போன்றவற்றைத்தான். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் கீறியதோடு உரிமை வந்துவிட்டது. உங்கள் ஆயுள் முழுவதும், அதன் பின் 70 வருடமும் அது நிற்கும். "கொப்பிரைட் எடுத்துத் தாறன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியாவில் அப்படியொரு பதிவு உண்டு; யூரியூப்பில் அதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே பலர் குழம்புகிறார்கள்.

தேர் யாருக்கும் சொந்தமில்லை என்று அச்சகத்தார் சொல்வது சரி. அவரும் நல்லூர் வீதியில் நின்று ஒரு தேரைக் கீறட்டும், யார் தடுத்தது? நீங்கள் கீறியதை எடுக்கத்தான் அவருக்கு உரிமையில்லை. நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்களுடையதில் தேர்வடம் வலது மூலையில் சுருண்டு முடிகிறது, அதற்குக் கீழே கையெழுத்து. கலண்டரில் வடம் பாதியில் நிற்கிறது. கையெழுத்தை வெட்டப்போய் வடத்தையும் வெட்டிவிட்டார்கள். தெரியாமல் எடுத்தோம் என்று இனிச் சொல்வது கடினம். படைப்பில் உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம் தரும் தார்மீக உரிமை, அதுவும் மீறப்பட்டிருக்கிறது.

இனிக் கடைக்குப் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். வேறொருவரை அனுப்பி ஒரு கலண்டரை வாங்கி, பற்றுச்சீட்டும் எடுங்கள். லேயர்கள் தனித்தனியாக இருக்கும் மூலக் கோப்பு, முதலில் போட்ட பென்சில் வரைவுகள், திகதியோடு முகநூல் பதிவு, இவை போதும். அவர்களைக் கள்ளர் என்று முகநூலில் எழுதிவிடாதீர்கள்; மானநட்ட வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

பிறகு சட்டத்தரணி மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள்: விற்பனையை நிறுத்து, எத்தனை அடித்தாய் என்று கணக்குக் காட்டு, மிச்சத்தை ஒப்படை, இவ்வளவு கொடு. பெரும்பாலும் இதோடு முடித்துக்கொள்வதுதான் உங்களுக்கு நல்லது. ஏனென்றால் தடையுத்தரவும் நட்டஈடும் கேட்கும் வழக்கு யாழ்ப்பாணத்தில் நடக்காது. கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வடக்கில் இருக்கும் கலைஞர்களுக்கு இது அநியாயம் என்பதே என் அபிப்பிராயம். போனால், உண்மையான நட்டத்தை நிரூபிக்காமலே 50,000 முதல் 10 இலட்சம் ரூபா வரை நீதிமன்றம் தீர்மானிக்கும் நட்டஈட்டைக் கேட்கலாம். ஒரு கலண்டருக்காகக் கொழும்புக்கு எத்தனை தவணை அலைவது என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அவர்கள் அசையாவிட்டால் பொலிஸ் முறைப்பாடு இருக்கிறது. வேண்டுமென்றே மீறுவது குற்றம். நீதவான் முன் நிரூபணமானால் 5 இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த அறுந்த வடம் இங்கேதான் உதவும்.

கூல்பார் லோகோ வேறு கதை. காசு வாங்கியதால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது என்று நினைக்கிறீர்கள். சட்டம் மறுபக்கம் நிற்கிறது. ஒருவர் சொல்லிச் செய்வித்த படைப்பின் முதல் உரிமையாளர், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், செய்வித்தவரே. ஆகவே ரீசேர்ட்டில் அடிக்க முதலாளிக்கு உரிமை இருக்கிறது. ஒரே வழி, பழைய வட்ஸ்அப்பைத் தோண்டுவது. "போர்ட்டுக்கு மட்டும்தான்" என்று நீங்கள் எழுதி, அவர் "ஓம்" போட்டிருந்தால், அதை ஒப்பந்தமாகக் காட்டி வாதாடலாம். இலத்திரனியல் செய்தி என்பதற்காக மட்டும் அதைத் தள்ள முடியாது, 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இருக்கிறது. வாயால் மட்டும் பேசியிருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்த ஓடருக்கு முற்பணம் வாங்கும்போதே, எதற்குப் பாவிக்கலாம், உரிமை யாருக்கு என்று இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்.

இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் போட வேண்டாம். அச்சகத்துக் கடிதம் முதலில் போகட்டும்.