அசம்பாவிதமும் பிழையும்

அன்புள்ள ஐயா,

அல்சூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். போன மாதம் பால்கனியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது என் முழங்கை பட்டு ஒரு தொட்டி கீழே விழுந்தது. தரைத்தளத்துப் பெரியவரின் கால்விரல் முறிந்துவிட்டது. அவரும் தமிழர். மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டோம். ‘நடந்த அசம்பாவிதத்துக்கு வருந்துகிறேன்’ என்று எழுதியும் கொடுத்தேன். அதைப் படித்ததிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தச் சொல்லில் என்ன குறை? தெரியாமல் செய்த தீங்குக்குத் தமிழில் வேறு சொல் உண்டா?

வாசகி, பெங்களூரு

அன்புள்ள வாசகிக்கு,

பெரியவரின் மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது. அசம்பாவிதம் வடசொல்; நிகழும் என்று எண்ண இடமில்லாதது என்பது அதன் பொருள். ‘அசம்பாவிதம் ஏதும் நிகழாமலிருக்கப் போலீஸார் குவிக்கப்பட்டனர்’ என்று எழுதி எழுதி நாளிதழ்கள் அதை வேண்டாத சம்பவம் ஆக்கிவிட்டன. கலவரம், தீ, நெரிசல் எல்லாம் அதில் அடங்கும். செய்தவருக்கு மட்டும் அதில் இடமில்லை. நீங்கள் எழுதிய வரியில் உங்கள் முழங்கை எங்கே இருக்கிறது?

உங்களைச் சுற்றி ஒலிக்கும் கன்னடத்தில் இதை ‘அச்சாதுர்ய’ என்பார்கள். சாதுரியம் இல்லாமை. அங்கே ஓர் ஆளின் குறையாவது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழில் கைதவறியது, வாய்தவறியது என்கிறோம். தவறுதல் என்றாலே நழுவுதல்தான். வழுவும் அப்படியே. பிழைத்தல் என்றால் குறி தப்புதல். சாவுக்குத் தப்பியவரையும் ‘பிழைத்தார்’ என்றே சொல்கிறோம். இந்தச் சொற்களில் தீய எண்ணம் இல்லை, ஆனால் ஆள் உண்டு. அடிபட்டவர் பக்கம் நின்று பார்த்தால் ‘ஊறு’ என்ற சொல் கிடைக்கிறது. சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்று ஐம்புலன்களை எண்ணும்போது ஊறு என்றால் தொடுதல். கேடு, காயம் என்பதும் அதே சொல்தான். தொட்டவர் மனத்தில் என்ன இருந்தது என்று அந்தச் சொல் கேட்பதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது.

மனமறிந்து தீங்கு செய்யாமையே தலை என்கிறது 317ஆம் குறள். மனம் கலவாத இடத்தில் பாவம் இல்லை என்று பரிமேலழகர் அதிலிருந்து பெறுகிறார். அந்த ஆறுதலை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். பெரியவரின் விரலுக்கு அது போதாது.

கோவலனைக் கொல்வித்த பாண்டியன், குற்றமற்றவனைக் கொல்ல எண்ணியவன் அல்லன். பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் நம்பினான். உண்மை தெரிந்தபோது ‘மன்பதை காக்கும் தென்புலம் காவல் என்முதல் பிழைத்தது’ என்றான். மக்களைக் காக்கும் தென்னாட்டுக் காவல் என்னால் தவறியது என்பது பொருள். ‘என்முதல்’ என்ற அந்த ஒரு சொல்லில் அவன் தன்னை முன்னால் நிறுத்திக்கொள்கிறான். உங்கள் கடிதத்தில் விடுபட்டது அதுதான்.

‘என் கைதவறித் தொட்டி விழுந்து உங்கள் விரல் முறிந்தது, பிழை என்னுடையது’ என்று சொல்லுங்கள். இந்த முறை எழுதிக் கொடுக்க வேண்டாம், நேரில் போய்ச் சொல்லுங்கள்.