அம்மிச்சிக்கு என்ன கொடுப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் கோவையில் இருக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகிறோம். பையன் ஐந்தாவது, பெண் ஒன்றாவது. பள்ளி வேன் நான்கு மணிக்கு இறக்கிவிடும். நாங்கள் வீடு சேர ஏழேகால் ஆகிவிடும். இந்த ஜூனிலிருந்து வேன் என் அம்மா வீட்டு வாசலில் நிற்கிறது. பிள்ளைகளின் அம்மிச்சியான அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. அப்பாவுக்கு 68, சிறிய ஓய்வூதியம் வருகிறது. முன்பு டேகேருக்குக் கட்டிய 10,000 ரூபாயை இனி அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். "பெத்தவங்களுக்குச் சம்பளம் போடறதா?" என்கிறார் கணவர். "பேரம்பேத்தியப் பாக்கறதுக்குக் காசு வாங்குனா ஊரு சிரிக்கும்" என்கிறார் அம்மா. தம்பி மனைவியோ நாங்கள் அம்மாவை வேலை வாங்குகிறோம் என்கிறார். வெளிநாடுகளில் இதற்கு அரசே பணம் தருகிறதாமே? இங்கே வருமான வரிச் சிக்கல் ஏதும் வருமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

கொடுங்கள். ஆனால் பத்தாயிரத்தையும் ஒரே கட்டாகக் கொடுத்தால் மூன்றாம் மாதமே மனத்தாங்கல் தொடங்கிவிடும். பத்தாயிரம் கொடுக்கிறோமே என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதில் ஒரு பங்கு உங்கள் பிள்ளைகளுக்கே செலவாகியிருக்கும். அது எவ்வளவு என்று அம்மா சொல்லமாட்டார்.

ஆகவே முதலில் செலவுப் பணத்தைப் பிரித்துவிடுங்கள். தினமும் அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்க வேண்டும். நாலரைக்குத் தோசையோ சுண்டலோ வேண்டும். சிலிண்டர் சில நாள் முன்னதாகவே தீரும். சார்ட் பேப்பர், கலர் பென்சில், வேன் வராத நாளில் ஆட்டோ என்று ஒவ்வொன்றாகச் சேரும். எல்லாமே 'இதைப் போய்க் கேக்கறதா' என்று பெரியவர்கள் விழுங்கிவிடும் செலவுகள். கோடையில் பிள்ளைகளுக்காக ஏசி ஓடினால் கரண்டு பில் தனிக் கதை. தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 100க்கு மேல் 200 வரையிலான கீழடுக்கின் விலையும் ஏறிவிடும். ஓய்வூதியத்தில் ஓடும் வீட்டுக்கு அது உறைக்கும். கோடையில் வரும் அந்த இரண்டு பில்லை நீங்களே உங்கள் போனிலிருந்து கட்டிவிடுங்கள்.

மற்ற செலவுக்கு, சமையலறையில் ஒரு சம்படத்தில் ஒன்றாம் தேதி 2,500 ரூபாய் போட்டு வையுங்கள். முதல் இரண்டு மாதம் என்ன வாங்கினார்கள் என்று நீங்களே பேச்சுவாக்கில் கேட்டுக் குறித்துக்கொண்டால் உண்மையான தொகை பிடிபடும். பிறகு நோட்டு வேண்டாம். 500க்குக் கீழே இறங்கினால் நிரப்புங்கள். மீந்தால் அடுத்த மாதம் குறைத்துப் போடாதீர்கள்.

மீதி 7,500 அம்மாவுடைய பணம். அது யார் கணக்குக்குப் போகிறது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஓய்வூதியம் வரும் கணக்கு எண்தான் கையில் இருக்கும், அதற்கே அனுப்பிவிடுவார்கள். வேன் வரைக்கும் போய்வருவது உங்கள் அப்பாவாக, பிள்ளைகளின் அப்புச்சியாக இருக்கலாம். தோசை சுட்டு, சட்டைக் கறையைத் துவைத்து, வீட்டுப்பாடம் எழுதவைத்து, அக்கம்பக்கத்துக் கல்யாணத்துக்குப் போகாமல் நிற்பது அம்மிச்சி. அவர் பெயரில் தனிக் கணக்கு வேண்டும். இல்லையென்றால் அஞ்சலகத்தில் 500 ரூபாயில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். பணத்தை வெளியே எடுக்கவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்புக்கும் ஏடிஎம் அட்டையும் அவரிடமே இருக்கட்டும். கையில் கொடுத்தால் மாதா மாதம் 'வேண்டாம் சாமி' என்ற பேச்சு நடக்கும், ஏதோ ஒரு மாதம் நீங்களும் சரியென்று விட்டுவிடுவீர்கள். 5ஆம் தேதி தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவையுங்கள். சம்பளம் என்ற சொல் வேண்டாம். "டேகேருக்குக் கட்டுன பணந்தானுங்கம்மா, இனி உங்க பேர்ல சேரட்டும்" என்றால் போதும்.

உங்கள் கணவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அது வேறொரு பணத்தைப் பற்றியது. பெற்றோரைத் தாங்குவது கடமை. 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் எல்லாவற்றையும் அதில் சேர்க்கிறது. மகன், மகள் இருவருக்கும் அது பொருந்தும். எனவே அம்மாவின் சர்க்கரை மாத்திரைச் செலவை இந்த 7,500லிருந்து கழிக்கக் கூடாது. அது நீங்களும் தம்பியும் பங்கிட வேண்டியது. தம்பி மனைவியின் குறைக்கும் இதுவே பதில். தொகையை மறைக்காமல் இருவருக்கும் நேரில் சொல்லிவிடுங்கள். மறைத்தால், அம்மா உங்களுக்கு இலவசமாக உழைக்கிறார் என்றும் பேசுவார்கள், அம்மா உங்களிடம் காசு கறக்கிறார் என்றும் பேசுவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் அம்மாவுக்கு முடியாமல் போகும் மாதம். 'பார்த்த நாளுக்குப் பணம்' என்று வைத்தால், முட்டி வலியையும் தலைசுற்றலையும் அம்மா உங்களிடம் சொல்லமாட்டார். காசுக்கு ஆசைப்பட்டு அல்ல. நின்றுபோனால் உங்களுக்குக் கஷ்டம், தனக்கும் மறுபடி அப்பாவிடம் கை நீட்ட வேண்டும் என்பதால். படுத்தாலும் பணம் போகும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாற்று ஏற்பாட்டுக்கு ஆகும் செலவு உங்களுடையது. ஆறு வாரத்துக்கு டேகேர் கட்டணம் எவ்வளவோ அதைத் தனியாக எடுத்துவைத்துவிட்டுத்தான் இந்த ஏற்பாட்டைத் தொடர வேண்டும்.

மணிக்கணக்கு அம்மாவுக்கு வேண்டாம், உங்களுக்கு வேண்டும். மூன்றேகால் மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் ஏறக்குறைய 72 மணி. மே மாதத்தில் காலை ஒன்பது முதல் இரவு ஏழேகால் வரை, அதே 22 நாளுக்கு 225 மணிக்கு மேல் வருகிறது. அதே பணத்துக்கு மூன்று மடங்கு வேலை. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளும், கலெக்டர் விடிகாலையில் மழை விடுமுறை அறிவிக்கும் நாட்களும் இப்படித்தான். கூடுதல் பணம் கொடுத்து இதைச் சரிக்கட்ட முடியாது. 63 வயது உடம்பு பத்து மணி நேரம் இரண்டு பிள்ளைகளின் பின்னால் ஓடாது. மே மாதத்தைத் துண்டு போடுங்கள்: இரண்டு வாரம் பிள்ளைகளின் அப்பத்தா வீடு, ஒரு வாரம் உங்கள் விடுப்பு, மீதி நாட்களில் காலையில் நீச்சலோ ஓவியமோ. அந்த மாதம் மட்டும் அம்மா வீட்டுப் பாத்திரம், துணிக்கு ஆள் வையுங்கள். வாரம் ஒரு நாள், புதன் என்று வைத்துக்கொள்வோம், உங்கள் கணவர் நான்கு மணிக்கே வேனடிக்கு வந்து நிற்கட்டும். சம்பளமா என்று கேட்டவருக்கு அந்த வேலையின் கனம் அன்றைக்குப் புரிந்துவிடும்.

வரி விஷயத்தில் பயம் வேண்டாம். பிள்ளைகளிடமிருந்தோ மருமகனிடமிருந்தோ பெற்றோர் வாங்கும் அன்பளிப்புக்கு வரி கிடையாது, உச்சவரம்பும் கிடையாது. அம்மா அதை வைப்புநிதியில் போட்டால் வரும் வட்டி அம்மாவின் வருமானம். உங்கள் கணக்கில் சேராது. உங்களுக்கு இதில் வரிச்சலுகையும் இல்லை. இத்தனை மணிக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்காதீர்கள். அப்புறம் அது அன்பளிப்பா ஊதியமா என்ற கேள்வி எழும். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் சிலர் அம்மாவைக் கடை ஊழியராகக் காட்டி இதைத் தொழில் செலவில் எழுதுகிறார்கள். அது தவறு, பிள்ளை வளர்ப்பு சொந்தச் செலவு. வரிச்சலுகை வேண்டுமென்றால் பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தைக் கட்டுங்கள். 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்காகப் பழைய வரிமுறையில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். நீங்கள்தான் கட்ட வேண்டும். மாமனார், மாமியாருக்குக் கட்டினால் உங்கள் கணவருக்கு அந்தச் சலுகை இல்லை. ரொக்கமாகக் கட்டினாலும் கிடைக்காது.

வெளிநாட்டு விஷயம் உண்மைதான், ஆனால் கேள்விப்படுகிற அளவுக்கு இல்லை. சிங்கப்பூரில் பாட்டியோ தாத்தாவோ 12 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், வேலைக்குப் போகும் தாயின் வரிக்குரிய வருமானத்தில் 3,000 சிங்கப்பூர் டாலர் கழியும். பாட்டி கைக்கு அரசு எதுவும் தருவதில்லை. தென்கொரியாவின் சோல் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 40 மணி நேரம் பார்க்கும் தாத்தா பாட்டிக்கு 3 லட்சம் வான் (அந்நாட்டுப் பணம்) தருகிறது. அது இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு அல்ல. சுவீடனில் 2024 ஜூலையிலிருந்து பெற்றோர் தங்கள் ஊதிய விடுப்பில் 45 நாள் வரை தாத்தா பாட்டிக்கு மாற்றிக் கொடுக்கலாம். இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

பணம் தவிர இரண்டு விஷயம். அம்மா சர்க்கரைக்கு எடுக்கும் மாத்திரையில் சர்க்கரையைத் திடீரென்று இறக்கும் வகை இருக்கிறதா, இன்சுலின் போடுகிறாரா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆமென்றால், மதியம் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு நான்கு மணி வெயிலில் வேனுக்கு நிற்பது ஆபத்து. கிளம்பும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும். பையன் ஐந்தாவது படிக்கிறான். அம்மிச்சிக்கு வியர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரை கொடுக்கவும், மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழைக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தது காய்ச்சல் மருந்து. பாரசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வீரியத்தில் வருகிறது. உங்கள் வீட்டில் ஒன்றும் அம்மா வீட்டில் இன்னொன்றும் இருந்து, போனில் "ஆறு மில்லி குடுங்கம்மா" என்று சொன்னால், பிள்ளைக்குப் பாதி அளவு போகும், அல்லது இரண்டு மடங்கு போகும். இரண்டு வீட்டிலும் ஒரே வீரியம் இருக்கட்டும். பெண்ணுக்கு எத்தனை மில்லி, பையனுக்கு எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதி பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். எடை கூடக்கூட அந்த எண் மாறும். ஆறு மாதத்துக்கொரு முறை கேட்டு மாற்றி எழுதுங்கள்.