கன்னொறுவைப் படையை மேசையில் நிறுத்துவோம்: கேள்வி பதில்

மேசைப் போர் விளையாட்டுக்காகச் சின்னச் சிப்பாய் உருவங்களைச் சேர்த்துப் பெயின்ட் அடிக்கும் மலையக நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணா, முதல் படையாக நெப்போலியனின் படையை எடுக்கலாமா? (ஹட்டன்)

எடுக்கலாம் தம்பி. ஆனால் என்னைக் கேட்டால் கன்னொறுவைதான். பேராதனைப் பூங்காவுக்கு ஆற்றின் மறுகரையில் இருக்கிற இடம். கண்டிக்குள் புகுந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த போர்த்துக்கீசரை 1638 மார்ச் 28இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அங்கே மடக்கினார்கள். போர்த்துக்கீசத் தளபதி தியோகு டி மெலோவும் பிழைக்கவில்லை. பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்து மேசையில் மலையை அமைக்கலாம். வேறு எந்தப் போருக்கு நமக்கு அந்த வசதி உண்டு?

தொடக்கத்துக்குப் பக்கத்துக்கு இருபது உருவம் போதும். கண்டிப் படைக்குச் சீருடை கிடையாது. பெரும்பாலும் ஊர்க் கமக்காரர்கள்: இடுப்பில் துணி, வெறுங்கால், கையில் வில், ஈட்டி அல்லது துவக்கு. கொடிதுவக்கு என்ற சின்னப் பீரங்கியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முன்னால் இரண்டு மரக்கால், பின்கட்டை தரையில் ஊன்றி நிற்கும். பேனா றீஃபில் துண்டும் தீக்குச்சியும் இருந்தால் ஒரு மாலையில் செய்துவிடலாம்.

தோலின் நிறம் சரியாக வருவதில்லை. எல்லாரும் ஒரே மண்ணிறமாகத் தெரிகிறார்கள். (பண்டாரவளை)

கடையில் ‘தோல் நிறம்’ என்று விற்கும் போத்தல் பெரும்பாலும் ஐரோப்பியருக்கானது, அதை ஒதுக்கி வையுங்கள். கடும் மண்ணிறத்தை அடியில் பூசி, செம்மண் நிறத்தை மூக்கு, கன்னம், தோள், முழங்கால் மேடுகளில் ஏற்றி, கடைசியாகக் காவி கலந்த வெளிர்ப்பைத் துளித் துளியாக வையுங்கள். அப்புறம் முக்கியமான விஷயம்: நாலைந்து பேருக்கு ஒருமுறை அடி நிறத்தையே மாற்றுங்கள். நம் லயத்து வாசலில் நிற்கிற பத்துப் பேரைப் பாருங்கள், இரண்டு பேர் ஒரே நிறத்தில் இருக்க மாட்டார்கள்.

வார்னிஷ் ஸ்பிரே அடித்ததும் உருவமெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது! (நுவரெலியா)

பனிமூட்டம்தான் காரணம். ஸ்பிரே காய்வதற்குள் காற்றின் ஈரம் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. ஒரு ஜூலையில் எனக்கும் இருபத்துநாலு உருவம் இப்படிப் போனது, அன்றிரவு தூக்கமே வரவில்லை. நன்றாக வெயில் அடிக்கும் நாளில் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசிப் பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். காய்ந்தபின் மேலே மங்கல் வார்னிஷ். நம் பக்கத்தில் இனித் தூரிகையே நம்பிக்கை.

1/72 அளவுப் (நிஜ ஆளில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) பிளாஸ்டிக் சிப்பாய்களில் பெயின்ட் உரிகிறது. (தலவாக்கலை)

சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகு பெயின்ட் அடியுங்கள். ஈட்டி வளைந்தால் வெட்டிவிட்டுக் குண்டூசி வையுங்கள்.

லஸ்கரின்களை எந்தப் பக்கம் சேர்ப்பது, சேர்? (பதுளை)

இரண்டு பக்கமும். போர்த்துக்கீசரின் கீழிருந்த உள்ளூர்ச் சிப்பாய்கள் அவர்கள். 1630இல் உங்கள் ஊவாவிலேயே, ரந்தெனிவெலயில், கட்சி மாறினார்கள். அதனால் ஒரே உருவங்கள் இரண்டு படைக்கும் உதவும், காசும் மிச்சம்.

அடித்தட்டில் காட்டுத் தரைக்கு என்ன ஒட்டுவது? (மஸ்கெலியா)

தேயிலைதான்! ஊற்றி முடித்த சக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். டஸ்ட் வேண்டாம், மண் மாதிரி ஆகிவிடும். இலையாக இருப்பதே உதிர்ந்த சருகு போலத் தெரியும். வெள்ளைப் பசை தடவித் தூவுங்கள். அதற்கு முன் அடுப்படியில் மொறுமொறுவென்று காயவையுங்கள், ஈரம் இருந்தால் படை முழுக்கப் பூஞ்சணம் பிடித்துவிடும்.